சிரவணபெளகொள: பெயரும் பொருளும்

கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில், சந்திரகிரி, விந்தியகிரி என்னும் இரு பாறைக் குன்றுகளுக்கு நடுவே உள்ள சிற்றூர் சிரவணபெளகொள. தமிழ் இதழ்களில் இது பெரும்பாலும் ‘சரவணபெலகோலா’ என்றே அச்சாகிறது. முருகனுக்கும் இவ்வூருக்கும் தொடர்பில்லை. லகரமும் ஆங்கில எழுத்துக்கூட்டலின் வழியே நுழைந்த பிழை. கன்னடப் பெயரில் வரும் இரண்டும் ளகரங்களே.

பெயரின் பிற்பகுதியை விளங்கிக்கொள்ளத் தமிழருக்கு அகராதி தேவையில்லை. ‘பெள்’ என்பது நம் ‘வெள்’. ‘கொள’ என்பது நம் ‘குளம்’. தமிழில் வகரத்தில் தொடங்கும் சொற்கள் பல கன்னடத்தில் பகரம் பெறும் என்பதை வில், வேர், வெண்ணெய் ஆகியவை அங்கே பில்லு, பேரு, பெண்ணெ என வழங்குவதிலிருந்து அறியலாம். இம்மாற்றம் நிகழ்வதற்கு முந்தைய வடிவத்தையே இவ்வூரின் கல்வெட்டொன்று காத்து வைத்திருக்கிறது: 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அக்கல்வெட்டில் ஊர்ப்பெயர் ‘வெள்கொள’ என்றே உள்ளது. பிற்காலச் சமஸ்கிருதக் கல்வெட்டுகள் இதனை ‘தவள சரோவரம்’ என்று மொழிபெயர்த்துக்கொண்டன. அதுவும் வெண்ணிறப் பொய்கை என்பதே.

விந்தியகிரி மேல் நிற்கும் பெரிய சமணச் சிலையான கோமதேசுவரருக்கு முதன்முதல் நீராட்டு நடந்தபோது, குள்ளகாயஜ்ஜி என்னும் மூதாட்டி சிறு காய்க்குடுக்கையில் கொண்டுவந்த பால் சிலை முழுவதையும் நனைத்துக் கீழே வழிந்து குளமானது, அதனால் இப்பெயர் வந்தது என்று ஊரார் சொல்வதுண்டு. அழகான கதைதான், காலக்கணக்கு இடம் தரவில்லை. கங்க மன்னன் இராசமல்லனின் அமைச்சர் சாமுண்டராயர் ஏறத்தாழ 57 அடி உயரமுள்ள அச்சிலையைச் செய்வித்தது 10ஆம் நூற்றாண்டின் இறுதியில், பொதுவாகச் சொல்லப்படும் கணக்குப்படி 981 அளவில். ஊர்ப்பெயரோ சிலைக்கு முந்நூறு ஆண்டு மூத்தது. சிலையின் காலடியில் கன்னடம், மராத்தி ஆகியவற்றோடு தமிழிலும் ‘ஸ்ரீ சாமுண்டராஜன் செய்வித்தான்’ என்று கிரந்தமும் வட்டெழுத்தும் கலந்து பொறிக்கப்பட்டிருப்பதை, அங்குச் செல்லும் நம்மவரில் பலர் கவனிப்பதில்லை.

முற்பகுதியான ‘சிரவண’ என்பதைத் திருவோண விண்மீனோடு இணைப்பது இன்னொரு பிழை. தவத்தால் உடலை வருத்துபவர் என்னும் பொருளுடைய ‘சிரமணர்’ என்ற வடசொல்லின் திரிபு அது. இதே சொல் பிராகிருதத்தில் ‘சமண’ ஆகி, அங்கிருந்து தமிழுக்குச் ‘சமணர்’ என வந்து, முதலெழுத்தை இழந்து ‘அமணர்’ என்றும் வழங்கியது. தேவாரத்தில் இவ்வடிவமும் வசையாகப் பயில்கிறது. அருகிலேயே ஹளே பெளகொள, கோடி பெளகொள என்னும் ஊர்கள் இருப்பதால், துறவியர் உறையும் பெளகொளவை வேறுபடுத்திக் காட்ட இவ்வடை தேவைப்பட்டிருக்க வேண்டும். பொருத்தமான அடைதான்: பத்திரபாகு முனிவரும் மௌரிய மன்னர் சந்திரகுப்தரும் வந்து தங்கியதாக மரபு கூறும் சந்திரகிரியில், உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்தவர்களின் நினைவுக் கல்வெட்டுகள் ஏராளம். சமணர் அந்நோன்பைச் சல்லேகனை என்பர். தமிழில் ‘வடக்கிருத்தல்’ என்பது அதற்கு நெருங்கிய சொல். ஆயினும் சங்கப் பாடல்களில் மானம் காக்க வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன் போன்றோரின் செயலும் அப்பெயரே பெறுவதால், சமயப் பொருளில் ஆளும்போது ‘சமண நோன்பு’ என்று சேர்த்தெழுதுவது தெளிவு தரும். அங்குள்ள ‘பசதி’கள், அதாவது சமணக் கோயில்கள், ‘வசதி’ என்னும் வடசொல்லிலிருந்து வந்த பெயருடையவை. நம் கல்வெட்டுகளின் வழக்கில் அவற்றைப் ‘பள்ளி’ எனலாம்.

ஆக, பெயருக்கு நேரான தமிழ் ‘சமணர் வெண்குளம்’. ஆனால் வழங்கும் ஊர்ப்பெயரை நீக்கிவிட்டு அதனிடத்தில் மொழிபெயர்ப்பை வைப்பதை நான் ஏற்பதில்லை. வரைபடத்தில் தேடுபவருக்கு அது பயன்படாது. கட்டுரைகளில் ‘சிரவணபெளகொள’ என்று ளகரம் பிழையாமல் எழுதி, முதன்முறை வருமிடத்தில் மட்டும் ‘சமணர் வெண்குளம்’ என்னும் பொருளைச் சேர்த்தால் போதும்.