தட்டைப்புழுவை உயிரோடு பார்த்தால்தான் உண்டு

கடலோர மணலை ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தால் மணலைத் தவிர அதில் எதுவும் தெரியாது. ஆனால் துகள்களுக்கு நடுவே நீர் நிரம்பிய இடுக்குகளில் ஒரு பெரிய விலங்குக் கூட்டமே குடியிருக்கிறது. 1 மி.மீ. கண் உள்ள சல்லடையில் நழுவிவிடும், 0.04 மி.மீ. கண் உள்ள வலையில் சிக்கிக்கொள்ளும். இந்த அளவில் வாழும் கடலடி விலங்குகளுக்கு 1942-இல் மாலி மேர் என்ற ஆய்வாளர் 'மயோபெந்தோஸ்' என்று பெயரிட்டார். உருளைப்புழுக்கள், கோபிபாடுகள் என்னும் நுண்ணிய ஓட்டுடலிகள் என்று நீளும் இந்தக் கூட்டத்தில் தட்டைப்புழுக்களும் உண்டு.

உருளைப்புழுவை ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டு வைத்து, பல மாதம் கழித்து ஆற அமர எண்ணலாம். தட்டைப்புழுவிடம் அது நடக்காது. ஃபார்மலின் பட்டதும் சுருங்கி, இன்னதென்று சொல்ல முடியாத உருண்டையாகிவிடும். அதனால்தான் கடலடி உயிர்களைக் கணக்கெடுக்கும்போது இவை அடிக்கடி விட்டுப்போகின்றன. புதிய இனம் ஒன்றை விவரிக்க வேண்டுமானால் புழு உயிரோடு இருக்கும்போதே வேலையின் முக்கால் பங்கை முடித்தாக வேண்டும்.

முதல் சிக்கல், அதை மணலிலிருந்து பிரிப்பது. பல இனங்களுக்கு வால் நுனியில் ஒட்டும் சுரப்பிகள் இருக்கின்றன. ஒரு சுரப்பி பசையை விடும், பக்கத்தில் இருப்பது அந்தப் பிடியைக் கழற்றிவிடும். அலை அடிக்கும் இடத்தில் பிழைக்க இந்த ஏற்பாடு அவசியம்தான். ஆனால் மணலைக் கடல்நீரில் போட்டுக் கலக்குபவருக்குப் புழு கிடைக்காது, துகளை இறுகப் பிடித்துக்கொள்ளும். எனவே கடல்நீரின் ஊடுபரவல் அழுத்தத்துக்கு ஈடான மக்னீசியம் குளோரைடு கரைசலில், அதாவது சுமார் 7 விழுக்காடு கரைசலில், மணலைச் சில நிமிடம் ஊறவிடுகிறார்கள். புழு மயங்கிப் பிடியை விட்டுவிடும். மெதுவாகக் கலக்கி, மேலே நிற்கும் நீரை மட்டும் நுண்வலையில் வடிகட்டி, வலையை நல்ல கடல்நீர் உள்ள தட்டில் வைத்தால் மயக்கம் தெளிந்து ஊர்ந்து வெளியே வரும். நடையை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கலாம். உருளைப்புழு உடம்பை முறுக்கித் துடிக்கும். தட்டைப்புழுவோ உடலைப் போர்த்தியிருக்கும் நுண்ணிழைகள் தள்ள, அலட்டிக்கொள்ளாமல் வழுக்கிக்கொண்டு போகும்.

அப்புறம்தான் மிக நுணுக்கமான கட்டம். நுண்குழாயால் ஒரு புழுவை உறிஞ்சி, கண்ணாடி வில்லையில் ஒரு துளி நீரில் விட்டு, மேலே மெல்லிய மூடுவில்லையை வைக்கிறார்கள். வடிதாளின் ஓரத்தை விளிம்பில் தொட்டால் நீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். மூடுவில்லை இறங்க இறங்க, அதுவரை அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்த புழு நிலைக்கு வரும். உடல் பரந்து விரிய, உள்ளே இருப்பதெல்லாம் தெரிய ஆரம்பிக்கும். தொண்டைக்குழல், குடல், இரு பக்கமும் விந்தகமும் சூலகமும், அலைந்துகொண்டிருக்கும் விந்தணுக்கள் என எல்லாவற்றையும் வெட்டாமலே பார்க்கலாம். சில தொகுதிகளில் தலைப்பக்கம் சமநிலை உணரும் சின்னஞ்சிறு பந்தும் தெரியும். நீரை ஒரு சொட்டு அதிகமாக இழுத்துவிட்டால் புழு வெடித்துச் சிதறிவிடும். அதற்குள் படம் எடுத்து, அளந்து, வரைந்தாக வேண்டும்.

இவ்வளவு பாடும் பெரும்பாலும் ஓர் உறுப்புக்காகத்தான். வெளித்தோற்றத்தில் பல இனங்கள் ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் ஆண் இனப்பெருக்க உறுப்பின் கெட்டியான பகுதியில் இருக்கிறது. வளைந்த ஊசி, புனல், முட்கள் வரிசைகட்டிய குழாய் என்று இனத்துக்கு ஒரு வடிவம். லாக்டோஃபீனால் என்ற திரவத்தில் பதித்தால் மென்மையான திசு தெளிந்து மறைய, இந்தக் கெட்டிப் பகுதி மட்டும் எடுப்பாகத் தெரியும். பல இனங்களில் அதன் மொத்த நீளமே ஒரு தலைமுடியின் தடிமன் அளவுதான்.

ஏன் அந்த உறுப்பு மட்டும் இப்படி மாறிக்கொண்டே போகிறது? இவை இருபாலுயிரிகள். புணரும் இரண்டுமே விந்தைக் கொடுக்கவும் செய்யும், வாங்கவும் செய்யும். வாங்கிய விந்தை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதில் இரண்டின் நலனும் மோதுகிறது. மேக்ரோஸ்டோமம் லிக்னானோ என்ற இனம் புணர்ந்து முடித்ததும் பல சமயம் உடலை வளைத்து, தன் பெண் துளையில் வாயை வைத்து உறிஞ்சும். வந்த விந்தை வெளியேற்றும் முயற்சி அது என்று கருதுகிறார்கள். அந்த விந்தணுக்களிலோ விறைப்பான முட்கள் இருக்கின்றன, உறிஞ்சினாலும் எளிதில் வெளிவராமல் இருக்கத்தான் என்பது ஒரு கருத்து! அதன் உறவுக்கார இனமான மேக்ரோஸ்டோமம் ஹிஸ்ட்ரிக்ஸ் வேறு வழி பிடித்துக்கொண்டது. கூர்மையான ஊசியால் துணையின் உடலில் எங்கே வேண்டுமானாலும் குத்தி விந்தைச் செலுத்திவிடும். துணை கிடைக்காமல் தனித்து விடப்பட்டால் தன் உடலின் முன்பகுதியிலேயே குத்திக்கொண்டு தானே கருவுறுவதாக 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. இப்படிப்பட்ட போட்டியில் ஊசியின் வடிவம் இனத்துக்கு இனம் வேகமாக மாறுவதில் வியப்பில்லை.

ஊசி ஒத்துப்போனாலும் இரண்டும் ஒரே இனம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. அதற்குத்தான் மரபணு. இன உறவை அறியப் பயன்படும் 18எஸ், 28எஸ் என்ற ரைபோசோம் மரபணுக்களின் வரிசையைப் படித்து உறவினங்களோடு ஒப்பிடுகிறார்கள். இங்கே ஒரு சங்கடம் உண்டு. முழுப் புழுவையும் கரைத்தால்தான் போதிய டி.என்.ஏ. கிடைக்கும் என்றால் உடல் மிஞ்சாது. சில மைக்ரோமீட்டர் தடிமனில் வரிசையாகச் சீவிச் சாயமேற்றினால் உள்ளுறுப்புகளின் அமைப்பு விளங்கும், ஆனால் அந்தப் புழு மரபணுவுக்கு உதவாது. ஆகவே ஒன்றிரண்டு புழுக்களை வைத்து ஓர் இனத்தை விவரிப்பது ஆபத்தான காரியம்.

பெயர் சூட்டுவதற்கு விலங்கியல் பெயரிடல் விதிகள் இருக்கின்றன. பொதுவாக ஒரே ஒரு மாதிரியை, அந்தப் பெயருக்கு ஆதாரமான 'ஹோலோடைப்' என்று தேர்ந்தெடுத்து, அது எந்தச் சேகரத்தில் வைக்கப்படும் என்று சொல்ல வேண்டும். மின்னிதழில் மட்டும் வெளியிடுவதானால் விலங்குப் பெயர்களுக்கான ஸூபேங்க் என்ற இணையப் பதிவேட்டில் பதிவதும் கட்டாயம், 2012 முதல் அப்படி. புழு இனமென்றால் அந்த ஹோலோடைப் வில்லையில் நசுங்கிக் கிடக்கும் ஓர் உடலாகவோ வரிசைச் சீவல்களாகவோதான் இருக்கும். பிற்காலத்தில் சந்தேகம் வந்தால் அதைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும். உயிரோடு இருந்தபோது தெரிந்தவற்றில் பாதி அதில் இருக்காது.

இத்தாலியின் அட்ரியாட்டிக் கடலோரத்தில் உள்ள லிக்னானோ என்ற ஊரின் பெயரைப் பெற்ற மேக்ரோஸ்டோமம் லிக்னானோவை 2005-இல் விவரித்தவர்கள் இந்தக் குறையை நேரடியாகவே கையில் எடுத்தார்கள். உயிருள்ள புழுவின் டிஜிட்டல் நுண்ணோக்கிப் பதிவுகளை விவரிப்பின் ஒரு பகுதியாகவே ஆக்கினார்கள். ஆய்வகத்தில் எளிதாக வளரும் அந்தப் புழு இன்று உறுப்பு மீள்வளர்ச்சி, குருத்தணுக்கள், முதுமை பற்றிய ஆய்வுகளில் இடம்பிடித்துவிட்டது.