மூடி போடாத தேன் ஏன் புளிக்கிறது?

மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் எடுக்கும் தேனில் பெரும்பங்கு பூவிலிருந்து வருவதில்லை. ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர் விடும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்திலுள்ள சுரப்பிகள் இனிப்பு நீரைக் கசியவிடும். தளிரைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தால் அந்த முடிச்சில் கண்ணாடி மணி போல் துளி நிற்பது தெரியும். மாசி, பங்குனியில் தேனீப் பெட்டிகள் நிரம்புவது இந்தத் துளியால்தான்.

பூவில் ஊறினாலும் இலையில் ஊறினாலும் மதுரம் தேனாகிவிடாது. அது சர்க்கரை கரைந்த தண்ணீர். அப்படியே வைத்தால் சீக்கிரம் புளித்துவிடும்.

வெளியே போய் வரும் பணித்தேனீ, தேன்பையில் கொண்டுவந்ததைக் கூட்டுக்குள் இருக்கும் இளைய தேனீயிடம் வாயோடு வாயாகக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பறந்துவிடும். வாங்கிய தேனீ அந்தத் துளியை நாக்கின் மடிப்பில் மெல்லிய படலமாக விரிக்கும், உள்ளே இழுக்கும், மறுபடி விரிக்கும். ஏறக்குறைய 20 நிமிடம் இதே வேலைதான். ஈரம் குறையக் குறைய, அதன் தலைச் சுரப்பியிலிருந்து கலக்கும் இன்வர்டேஸ் நொதி, சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்கிறது. பிறகு அறைகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசிவிட்டுச் சிறகால் விசிறும். நம் இந்தியத் தேனீ வாசலில் தலையை வெளிப்பக்கம் வைத்து நின்று காற்றை உள்ளே தள்ளும். இத்தாலியத் தேனீயோ தலையை உள்பக்கம் வைத்துக் காற்றை வெளியே இழுக்கும். விசிறும் தேனீ எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை வைத்தே இனத்தைச் சொல்லிவிடலாம்.

உழைப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 சதவீதம் சர்க்கரை உள்ள மதுரம் என்றால், 20 சதவீத ஈரமுள்ள ஒரு கிலோ தேனுக்குச் சுமார் 2.7 கிலோ மதுரம் வேண்டும். அதாவது 1.7 லிட்டர் தண்ணீரை நாக்கில் விரித்தும் சிறகால் விசிறியும் ஆவியாக்க வேண்டும்.

பக்குவம் வந்தபின்தான் தேனீ அறைக்கு மெழுகு மூடி போடுகிறது. ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் தேனில் எப்போதும் இருக்கும் ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும்: நுரை, புளிப்பு வாடை, குப்பியின் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று. அதனால் அடையில் முக்கால் பங்காவது மூடியிருந்தால் மட்டுமே அடை கட்டிய மரச்சட்டத்தைப் பெட்டியிலிருந்து எடுங்கள். மழை நாளில் எடுக்கவே கூடாது. திறந்த தேன் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பெட்டியின் மேலடுக்கான தேன் அறையில் மட்டும் கைவையுங்கள், குஞ்சுகள் வளரும் கீழடுக்கான புழு அறையைத் தொடாதீர்கள். இருப்பு முழுவதையும் வழித்துவிட்டால் மழைக்காலப் பஞ்சத்தில் இந்தியத் தேனீ பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போய்விடும். அந்த மாதங்களில் சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் கலந்த பாகு வைத்தால்தான் கூட்டம் தங்கும்.

ரப்பர் தேன் சீக்கிரம் உறையும். குளுக்கோஸ் அதிகம், அவ்வளவுதான்; அதைச் சர்க்கரைக் கலப்படம் என்று சொல்வது பெட்டி வைத்திருப்பவருக்குச் செய்யும் அநியாயம். குப்பியை 40, 45 டிகிரி வெந்நீரில் நிறுத்தினால் இளகிவிடும். அடுப்பில் நேரடியாக வைத்தால் நொதிகள் அழியும். தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சி கொளுத்துவது எதுவும் கலப்படத்தைக் காட்டாது. கெட்டியான சர்க்கரைப் பாகும் இந்தச் சோதனைகளில் தேறிவிடும்.

ஈரம் குறைவு, அமிலம் அதிகம் என்பதால் தேனில் கிருமி பெருகாது. ஆனால் தசைகளைச் செயலிழக்க வைக்கும் போட்டுலிசம் என்ற நோயைத் தரும் கிருமியின் வித்துகள் சாகாமல் உறங்கிக் கிடக்கலாம். பெரியவர்களின் குடலில் அவை முளைக்க இடம் கிடைக்காது. பச்சிளங்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும்; மலச்சிக்கல், தளர்ந்த கழுத்து, பால் உறிஞ்ச முடியாத நிலை என்று தொடங்கி மூச்சுவரை பாதிக்கும். எவ்வளவு சுத்தமான தேனானாலும், காய்ச்சிய தேனானாலும், பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும்போது அது வேண்டாம். முதல் பிறந்தநாள் தாண்டிய பிறகு கொடுக்கலாம்.