பான்: மின்வேண்டா ஒளிவலை

ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில் சுவரோரமாக ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதைத் திருப்பிப் பார்த்தால் ஜிபான், எக்ஸ்ஜிஎஸ்-பான் என்று ஏதாவது ஒன்று அச்சிட்டிருக்கும். இந்தப் பெயர்களின் வாலாக வரும் 'பான்', பேசிவ் ஆப்டிகல் நெட்வொர்க் என்ற மூன்று சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து உண்டாக்கியது. மூன்றில் தமிழாக்கம் செய்பவர்களை அதிகம் தடுமாற வைப்பது முதல் சொல்தான். அடுத்த தலைமுறை ஒளியிழை வலைகளில் இன்று நடக்கும் முன்னேற்றங்களும் வரும் சிக்கல்களும் பெரும்பாலும் அந்த ஒரு சொல்லில்தான் வந்து முட்டுகின்றன.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். சேவை தரும் நிலையத்தில் ஓஎல்டி என்ற கருவி இருக்கிறது. வீட்டில் இருப்பது ஓஎன்டி. இரண்டும் மின்சாரத்தில் ஓடுபவை. நடுவில் இருப்பவை மூன்றுதான்: கிலோமீட்டர் கணக்கில் ஓடும் இழை, இழைகளை உருக்கி ஒட்டிய இடங்கள், ஒரே இழையில் வரும் ஒளியை 32 ஆகவோ 64 ஆகவோ பிரித்துக் கொடுக்கும் ஸ்பிளிட்டர். இவற்றில் எதற்கும் மின்சாரம் வேண்டாம். ஸ்பிளிட்டருக்குள் மின்சுற்றே கிடையாது. ஒளி போகும் தடம் இரண்டாகக் கிளைக்கிறது, ஒவ்வொரு கிளையும் மறுபடி இரண்டாகிறது, அவ்வளவுதான். பேசிவ் என்ற சொல் இந்த இடத்தில் குறிப்பது இதை மட்டுமே: நடுவழியில் மின்சாரம் கேட்காத வலை.

ஆப்டிகல் என்பது பார்வை சார்ந்தது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் 'ஒளி' என்று சுருக்கமாக அமைந்துவிட்டது, அதில் சிக்கல் இல்லை. ஃபைபர், ஃபைப்ரா என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்தது. இரண்டையும் சேர்த்து 'ஃபைபர் ஆப்டிக்ஸ்' என்ற பெயரைப் பரப்பியவர் நரிந்தர் சிங் கபானி. 1960-ல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அந்தப் பெயர் நிலைத்தது.

ஆப்டிகல் ஃபைபருக்குத் தமிழில் மூன்று சொற்கள் வழங்குகின்றன: கண்ணாடி இழை, ஒளிநார், ஒளியிழை. நார் என்பது மட்டையிலிருந்தோ பட்டையிலிருந்தோ கிழித்து எடுப்பது, ஓரம் பிசிறாக இருக்கும். இந்த இழையோ சூடேற்றி இளக்கிய கண்ணாடிக் கம்பியிலிருந்து ஒரே சீராக இழுத்து எடுக்கப்படுவது. அதன் புறவிட்டம் 125 மைக்ரோமீட்டர். ஒளி ஓடும் நடுப்பகுதி ஏறக்குறைய 9 மைக்ரோமீட்டர்தான். இந்த நேர்த்திக்கு 'இழை' பொருந்துகிற அளவுக்கு 'நார்' பொருந்தாது. கண்ணாடி இழை என்ற பெயரோ படகுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் பயன்படும் ஃபைபர்கிளாஸுக்கும் வழங்குகிறது. தவிர, பிளாஸ்டிக்கால் ஆன ஒளியிழைகளும் உண்டு. எனவே ஒளியிழை என்பதே என் தேர்வு.

இனி பேசிவ். இதன் வேர் 'பாட்டி' என்ற இலத்தீன் வினை. அதற்குப் பொருள் படுதல், தாங்குதல். ஆங்கிலத்தில் பொறுமையைக் குறிக்கும் பேஷன்ஸ் என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். இலக்கணத்தில் பேசிவ் என்றால் செயப்பாட்டுவினை. நம் இலக்கணமும் அதே பொருளில் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். துன்பப்படு என்பதில் வரும் அதே 'படு'தான் செய்யப்படு என்பதிலும் வருகிறது. பிறர் செய்வதை ஏற்றுக்கொள்வது என்ற கருத்து இரண்டு மொழிகளிலும் தனித்தனியாகவே இலக்கணச் சொல்லாகியிருக்கிறது.

பொறியியலில் பொருள் இன்னும் குறுகியது. மின்தடை, மின்தேக்கி போன்றவை சுற்றுக்குத் தாமாக ஆற்றல் சேர்ப்பதில்லை என்பதால் அவை பேசிவ் உறுப்புகள். டிரான்சிஸ்டர் குறிப்பலையைப் பெருக்கித் தருவதால் ஆக்டிவ். ஒளியியல்காரர்கள் எடுத்துக்கொண்டது இந்தப் பொருளைத்தான். ஆனால் தமிழில் எழுதும்போது செயலற்ற, செயலறு, முனைப்பற்ற, மந்த என்று அகராதியில் கண்ணில் படுவதையெல்லாம் போட்டுவிடுகிறோம். 'செயலற்ற ஒளி வலையமைப்பு' என்று படிப்பவர், பழுதாகிப் போன வலையைப் பற்றிய செய்தி என்றே நினைப்பார். ஸ்பிளிட்டரோ இரவு பகல் பாராமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. வேர்ச்சொல்லின் பொருளைத் தேடுவதை விட, அந்தத் துறையில் அந்தச் சொல் என்ன வேலை பார்க்கிறதோ அதைத் தமிழில் சொல்வதே சரி. மின்வேண்டா ஒளிவலை என்று நான் எழுதுவது அதனால்தான். வாடா மலர், அணையா விளக்கு என்று சொல்லிப் பழகிய நமக்கு 'மின்வேண்டா' அந்நியமாகத் தெரியாது.

கருத்து புதிதல்ல. 1980களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் டெலிகாம் ஆய்வாளர்கள் இதை முன்வைத்தார்கள். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் முதல் தரநிலை 1998-ல் வந்தது. 2003-ல் வந்த ஜிபான், வீட்டை நோக்கி நொடிக்கு 2.5 கிகாபிட், திரும்பும் வழியில் 1.25 கிகாபிட் தந்தது. 2016-ன் எக்ஸ்ஜிஎஸ்-பான் இரு திசையிலும் 10 கிகாபிட். 2021-ல் 50 கிகாபிட் பானுக்கான தரநிலை வந்தது. இவ்வளவு வேகம் கூடியும், தெருவில் புதைத்த இழையையும் கம்பத்தில் தொங்கும் ஸ்பிளிட்டரையும் யாரும் மாற்றவில்லை. ஒவ்வொரு தலைமுறைக்கும் வேறு அலைநீளம் ஒதுக்கிவிட்டார்கள். வீட்டை நோக்கி வரும் ஜிபான் 1490 நானோமீட்டரிலும், எக்ஸ்ஜிஎஸ்-பான் 1577-லும், 50 கிகாபிட் பான் 1342-லும் வருகின்றன. எல்லாம் ஒரே இழைக்குள் ஒன்றையொன்று தொடாமல் ஓடுகின்றன. மின்வேண்டா வலையின் மிகப் பெரிய நன்மையாக நான் கருதுவது இதைத்தான். நடுவில் மின்சாரத்தில் ஓடும் எந்தக் கருவியும் இல்லாததால் காலாவதியாகவும் நடுவில் எதுவும் இல்லை.

ஆனால் நடுவில் மின்சாரம் இல்லையென்றால், வழியில் இழந்த ஒளியை அங்கே ஈடுகட்டவும் முடியாது. இந்தக் கணக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஒளி பாதியானால் 3 டெசிபெல் இழப்பு. 32 பங்காகப் பிரித்தால் பாதியாவது ஐந்து முறை, ஆக 15 டெசிபெல். நிஜ ஸ்பிளிட்டரில் இது 17 அளவுக்குப் போகும். இழையில், ஜிபான் திரும்பும் வழியில் பயன்படுத்தும் 1310 நானோமீட்டரில், கிலோமீட்டருக்கு 0.35 டெசிபெல் வீதம் 20 கிலோமீட்டருக்கு 7. இதுவே 24 ஆகிவிட்டது. ஜிபானில் பரவலாகப் பயன்படும் வகைக்கு மொத்த வரம்பு 28. மீதி நாலு டெசிபெல்லுக்குள் கனெக்டர்கள், ஒட்டுகள், வருங்காலப் பழுதுகள் எல்லாம் அடங்க வேண்டும். 28 டெசிபெல் என்றால் அனுப்பிய ஒளியில் சுமார் 630-ல் ஒரு பங்குதான் வந்து சேர்கிறது என்று பொருள்.

களத்தில் வேலை செய்பவர்கள் இதை டிபிஎம் கணக்கில், அதாவது ஒரு மில்லிவாட்டைச் சுழியமாக வைத்து டெசிபெல்லில், பேசுவார்கள். பச்சை நிறக் கனெக்டரைக் கழற்றித் துடைத்து பவர் மீட்டரில் செருகினால் மைனஸ் 19 என்று காட்டும், சரி, நல்ல இணைப்பு. மைனஸ் 27-க்குக் கீழே போனால் ஓஎன்டியில் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கும். மைனஸ் 27 டிபிஎம் என்பது வெறும் 2 மைக்ரோவாட். அந்தக் கனெக்டர் பச்சையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. அதன் முகம் 8 பாகை சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. முகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி வந்த வழியே லேசருக்குப் போகாமல் இந்தச் சாய்வு அதை ஓரமாகத் தள்ளிவிடும். ஒளி ஓடும் தடமே 9 மைக்ரோமீட்டர் என்பதால் அதன் மேல் உட்காரும் ஒரு தூசித் துகள் பாதி இணைப்பை மறைத்துவிடும்.

வேகத்தைக் கூட்டும்போது இந்தக் கணக்கு இறுகுகிறது. 2.5 கிகாபிட்டில் ஒரு பிட்டுக்கு 400 பிகோநொடி இருந்தது, 50 கிகாபிட்டில் 20 பிகோநொடிதான். ஒவ்வொரு பிட்டையும் பழையபடி தெளிவாகப் படிக்க அதே அளவு ஒளி வேண்டுமென்றால், மொத்தத்தில் 20 மடங்கு, அதாவது 13 டெசிபெல் கூடுதலாகத் தேவை. இன்னொரு பக்கம் நிறப்பிரிகை. லேசர் ஒளியிலும் சற்றே வேறுபட்ட அலைநீளங்கள் கலந்திருக்கின்றன. அவை வேறு வேறு வேகத்தில் ஓடுவதால் துடிப்புகள் வழியில் அகன்று பக்கத்துத் துடிப்போடு கலந்துவிடும். இதன் தொல்லை வேகத்தின் இருமடியில் ஏறும். வழக்கமான இழையில் 1310 நானோமீட்டர் அருகே நிறப்பிரிகை கிட்டத்தட்ட சுழியம், அதனால் எல்லோருக்கும் அந்த இடம்தான் வேண்டும். ஆனால் முந்தைய தலைமுறைகள் வீட்டிலிருந்து திரும்பி அனுப்பும் 1270-ம் 1310-ம் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. 1342 என்பது அந்த நெருக்கடியில் கிடைத்த இடைவெளி.

தீர்வுகள் எல்லாமே இரு முனைகளில்தான். கலங்கிய குறிப்பலையைக் கணக்குப் போட்டுச் சீராக்கும் சில்லு, வலுவான பிழைதிருத்தக் குறியீடு, ஓஎல்டிக்குள்ளேயே குறைக்கடத்தி ஒளிப்பெருக்கி. இவற்றால் முனைக் கருவியின் விலையும் மின்செலவும் கூடுகின்றன. நிலையத்தின் செலவை அந்த இழையிலுள்ள வீடுகள் எல்லாம் பகிர்ந்துகொள்ளும். ஓஎன்டி வீட்டுக்கு ஒன்று, அதன் செலவைப் பகிர ஆளில்லை. ஆகவே கடினமான வேலையை முடிந்தவரை நிலையத்தின் பக்கம் தள்ளுகிறார்கள்.

திரும்பும் திசையில் சிக்கல் வேறு. எல்லா வீடுகளின் ஒளியும் ஸ்பிளிட்டரில் ஒன்றாகச் சேர்வதால் ஒரு நேரத்தில் ஒரு வீடுதான் பேச முடியும். ஒளி இழையில் ஒரு கிலோமீட்டர் போக 5 மைக்ரோநொடி ஆகும், 20 கிலோமீட்டர் போய்த் திரும்ப 200. ஓஎல்டி ஒவ்வொரு ஓஎன்டியின் தூரத்தையும் அளந்து வைத்து அதற்கேற்ப முறை ஒதுக்குகிறது. புதிய ஓஎன்டியின் தூரம் தெரியாது என்பதால், அதைக் கண்டுபிடிக்க அவ்வப்போது எல்லோரையும் சற்று நிறுத்தி வைக்க வேண்டும். படம் பார்ப்பவருக்கு இந்த இடைவெளி தெரியாது. அதே வலையில் செல்பேசிக் கோபுரத்தை இணைத்தால் அந்தத் தாமதம் பெரிய தொல்லை. புதியவர்களை அறிமுகம் செய்ய மட்டும் தனி அலைநீளம் வைப்பது இதற்கு ஒரு வழி.

ஒரு ஓஎன்டி பழுதாகித் தன் முறையல்லாத நேரத்திலும் ஒளியை உமிழ்ந்தால் அந்த இழையிலுள்ள எல்லா வீடுகளும் முடங்கும். எந்த வீடு என்று கண்டுபிடிப்பதும் எளிதல்ல. நடுவில் கேட்டுப் பார்க்கக் கருவி இல்லை. நிலையத்திலிருந்து ஒளித்துடிப்பை அனுப்பி எதிரொளியை அளக்கும் ஓடிடிஆரில், ஸ்பிளிட்டருக்கு அப்பாலுள்ள கிளைகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தெரியும்.

சொல்லின் எல்லையையும் குறித்துக்கொள்வோம். மின்வேண்டா என்பது நடுவழிக்கு மட்டும். வீட்டில் மின்சாரம் போனால் ஓஎன்டி அணையும், அதில் இணைத்த தொலைபேசியும் போகும். பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்கு நிலையமே மின்சாரம் அனுப்பியது, இங்கே மின்கல மாற்று ஏற்பாடு தேவை. தூரத்தை நீட்ட நடுவில் பெருக்கி வைக்கும் முறைக்கும் 2008 முதல் தரநிலை உண்டு. ஆனால் அந்தப் பெருக்கிக்கு மின்சாரம் வேண்டும். ஆங்கிலத்தில் அதையும் பான் என்றே அழைக்கிறார்கள். தமிழில் எழுதும்போது 'பெருக்கியுள்ள ஒளிவலை' என்று பிரித்துக் காட்டிவிடலாம். தெருவோரப் பெட்டியில் மின்சாரத்தில் ஓடும் சுவிட்ச் வைத்துப் பிரிக்கும் ஆக்டிவ் வகையை மின்வேண்டும் ஒளிவலை என்று எழுதினால் இணையாக நிற்கும்.