உங்கள் கணினிக்கென்றே ஒரு கெர்னல்

2017 பிப்ரவரியில் ஆந்த்ரே கொனவலோவ் என்ற ஆராய்ச்சியாளர் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் இருந்த ஒரு ஓட்டையை வெளியிட்டார். டி.சி.சி.பி. என்ற நெட்வொர்க் நெறிமுறையைக் கையாளும் பகுதியில், ஒரே மெமரித் துண்டை இரண்டு முறை விடுவித்துவிடும் பிழை அது. கணினியில் சாதாரணக் கணக்கு மட்டுமே உள்ள ஒருவர் இதை வைத்து ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனர், ஆகிவிடலாம். 2005-ல் அந்த நெறிமுறை கெர்னலுக்குள் வந்தபோதே பிழையும் கூடவே வந்திருக்கிறது.

டி.சி.சி.பி.யைப் பயன்படுத்துகிற ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனாலும் பல டிஸ்ட்ரோக்களில் (நிறுவத் தயாராக வரும் லினக்ஸ் தொகுப்புகளில்) அது, தேவைப்படும்போது கெர்னலில் ஏறும் ஒரு மாட்யூலாக வட்டில் கிடந்தது. யாராவது அந்த வகை சாக்கெட் (நெட்வொர்க் இணைப்புமுனை) ஒன்றைத் திறந்தால் போதும், கெர்னல் தானாகவே மாட்யூலை எடுத்து ஏற்றிக்கொள்ளும். திறப்பவருக்கு ரூட் உரிமை தேவையில்லை. டி.சி.சி.பி. இல்லாமல் கெர்னலை அதன் சோர்ஸ் கோடிலிருந்து (மூல நிரலிலிருந்து) தாங்களே கம்பைல் செய்து வைத்திருந்தவர்களுக்கோ இந்த ஓட்டை பொருந்தவே இல்லை. பேட்ச் என்ற திருத்தம் வருவதற்கு முன்பே அவர்கள் தப்பித்திருந்தார்கள்.

சொந்தமாகக் கெர்னல் கம்பைல் செய்வதில் பாதுகாப்புக்குக் கிடைக்கும் முதல் லாபம் இதுதான். வேண்டாததை எடுத்துவிடலாம்.

ஏன் கெர்னலுக்கு மட்டும் இவ்வளவு கவலை? பிராசஸரிலேயே அதிகார நிலைகள் உண்டு. பிரவுசர், எடிட்டர், பில்லிங் மென்பொருள் எல்லாம் கீழ்நிலையில் ஓடுகின்றன. வட்டையோ மெமரியையோ நெட்வொர்க் கார்டையோ தொட வேண்டுமானால் அவை கெர்னலிடம்தான் கேட்க வேண்டும். கெர்னல் ஓடுவது மேல்நிலையில். அதைத் தடுத்துக் கேட்க அந்த இயங்குதளத்தில் வேறு யாருமில்லை. பயனர் கணக்கு, கோப்பு அனுமதி, கன்டெய்னர் என்று நாம் நம்பும் எல்லாத் தடுப்புகளும் கெர்னல் போட்டுத் தருபவைதான். அதற்குள் ஒரு பிழை கிடைத்துவிட்டால் இவை எதற்கும் அர்த்தமில்லை.

டிஸ்ட்ரோக்காரர்கள் தேவையில்லாததை ஏன் உள்ளே வைக்கிறார்கள் என்று கோபப்பட வேண்டாம். தரமணி டைடல் பார்க்கில் இருக்கும் சி-டாக் சென்னை மையம், டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸை உருவாக்கியது. தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் அது வந்தது. அரசு அலுவலக டெஸ்க்டாப்பிலும் மாணவரின் மடிக்கணினியிலும் ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கணினியிலும் அது பூட் ஆகியே தீர வேண்டும். எந்த வைஃபை சிப், எந்த வட்டு, எந்த பிரின்டர் வரும் என்று முன்கூட்டித் தெரியாது. எனவே கருவிகளை இயக்கும் எல்லா டிரைவரையும் மாட்யூலாக்கி வைத்துவிடுகிறார்கள். மாட்யூல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். உங்கள் கணினி ஒரு நேரத்தில் ஏற்றியிருப்பது பெரும்பாலும் நூறு இருநூறுதான். மீதி எல்லாம், யாராவது தூண்டினால் ஏறக் காத்திருப்பவை.

சரி, சோர்ஸ் கோடிலிருந்து தொடங்குவோம். 3 கோடி வரிகளைத் தாண்டிய அந்தப் பொதி கெர்னல் டாட் ஆர்க் தளத்தில் கிடைக்கிறது. இறக்கியவுடன் செய்ய வேண்டியது கையொப்பச் சரிபார்ப்பு. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக் கூடாது. அந்தத் தளத்தின் சர்வர்களுக்குள்ளேயே 2011-ல் ஆட்கள் புகுந்தார்கள். பொதியோடு வரும் கையொப்பக் கோப்பை, வெளியீட்டாளரின் பொதுச்சாவியோடு ஜி.பி.ஜி. என்ற கருவி மூலம் ஒப்பிட்டால் இடையில் யாரும் கை வைக்கவில்லை என்பது உறுதியாகும். கையொப்பம் போடப்படுவது சுருக்கப்படாத டார் கோப்புக்கு. ஆகவே முதலில் விரித்துவிட்டுத்தான் சரிபார்க்க வேண்டும்.

இதைவிட நுட்பமான முயற்சி 2003 நவம்பரில் நடந்தது. கெர்னல் கோடின் ஒரு நகல் சர்வரில் யாரோ இரண்டே வரிகளைச் சேர்த்துவிட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால், தவறான மதிப்புகள் வந்தால் பிழை என்று திருப்பி அனுப்பும் சாதாரணச் சோதனை. பயனர் எண் 0-தானா என்று பார்ப்பதுபோல இருந்தது. சி மொழியில் ஒப்பிடுவதற்கு இரண்டு சமக்குறிகள் வேண்டும். அங்கே ஒன்றுதான் இருந்தது. ஒற்றைச் சமக்குறி ஒப்பிடாது, மதிப்பை மாற்றிவிடும். அதாவது, குறிப்பிட்ட விதத்தில் அந்த அழைப்பைச் செய்யும் எந்த நிரலும் அடுத்த நொடி பயனர் எண் 0, அதாவது ரூட். மூலக் களஞ்சியத்தோடு இந்த நகல் ஒத்துப்போகவில்லை என்பதால் உடனே பிடிபட்டது. ஒரே ஒரு சமக்குறியில் இத்தனை ஆபத்து இருக்க முடியும் என்பதால்தான் கையொப்பத்தில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன்.

அடுத்தது கான்ஃபிக், அதாவது கெர்னலில் எது வேண்டும், எது வேண்டாம் என்ற பட்டியல். பொறுமை வேண்டிய இடம் இதுதான். மெனுவைத் திறந்து ஆயிரக்கணக்கான கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்வது நடக்கிற காரியமில்லை. அதற்காகவே ‘மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்’ என்ற கட்டளை இருக்கிறது. அந்த நொடியில் உங்கள் கணினியில் எந்தெந்த மாட்யூல்கள் ஏறியிருக்கின்றன என்று பார்த்து, மற்ற மாட்யூல்களை அணைத்துவிடும். அதனால் கட்டளையைத் தட்டுமுன் உங்கள் வாழ்க்கையில் வரும் எல்லாக் கருவிகளையும் ஒருமுறை செருகிவிட வேண்டும். கடையின் பில்லிங் கணினி என்றால் பார்கோடு ஸ்கேனர், பில் பிரின்டர், பென் டிரைவ். சென்னையில் இன்னொன்றும் உண்டு. ஐப்பசி மழையில் ஃபைபர் கேபிள் போனால் போனை யூ.எஸ்.பி.யில் செருகித்தானே நெட் எடுப்போம்? ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றுக்கு அதற்கு ‘ஆர்.என்.டி.ஐ.எஸ். ஹோஸ்ட்’ மாட்யூல் வேண்டும். கான்ஃபிக் போடும் நாளில் போன் செருகப்படாமல் இருந்தால், மழை நாளில் நெட் இருக்காது.

டெபியன், உபுண்டு கான்ஃபிக்கை நகலெடுத்துத் தொடங்குபவர்கள் இரண்டு இடங்களில் மாட்டுவார்கள். நம்பகச் சாவிகள் என்ற இடத்தில் அந்த டிஸ்ட்ரோவின் சான்றிதழ் கோப்பின் பாதை எழுதப்பட்டிருக்கும். உங்களிடம் அந்தக் கோப்பு இருக்காது, கம்பைல் பாதியில் நின்றுவிடும். அந்த வரியைக் காலியாக்கிவிடுங்கள். பிழை தேட உதவும் டீபக் தகவல் என்ற தேர்வையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வட்டில் பல ஜி.பி. வீணாகும்.

இதுவரை சொன்னது நீக்கல். இனி சேர்த்தல். கம்பைலரையே காவலுக்கு வைக்கும் தேர்வுகள் இவை. ஒன்றை மட்டும் நெருங்கிப் பார்ப்போம்.

ஒரு ஃபங்ஷன் ஓடத் தொடங்கும்போது அதன் தற்காலிக மதிப்புகள் ஸ்டாக் என்ற மெமரிப் பகுதியில் உட்காரும். வேலை முடிந்தபின் எங்கே திரும்பிப் போக வேண்டும் என்ற முகவரியும் அதே இடத்தில்தான். 64 பைட் இடத்தில் 100 பைட் எழுதிவிட்டால், வாழை இலையில் ரசம் ஓடிப் பாயசத்தில் கலப்பதுபோல, மிச்சம் அடுத்த மதிப்புகளின் மேல் வழியும். தாக்குபவருக்கு வேண்டியது அதுதான். திரும்பும் முகவரியைத் தன் விருப்பப்படி மாற்றிவிடுவார். ‘ஸ்டாக் ப்ரொடெக்டர் ஸ்ட்ராங்’ தேர்வைப் போட்டால், ஆபத்துள்ள ஃபங்ஷன்களின் தொடக்கத்தில் கம்பைலர் ஒரு ரகசிய எண்ணை நடுவில் வைக்கிறது. உள்ளே அரே (மதிப்புகளின் வரிசை) இருந்தாலோ, மதிப்பின் முகவரி வெளியே போனாலோ அந்த ஃபங்ஷனுக்கு இந்தக் காவல் உண்டு. முடியும் இடத்தில் எண் அப்படியே இருக்கிறதா என்று பார்க்கும். வழிந்து வருவது முகவரியைத் தொடுமுன் அந்த எண்ணை அழித்துத்தான் ஆக வேண்டும். எண் மாறியிருந்தால் கெர்னல் அங்கேயே பேனிக் ஆகி நின்றுவிடும். 64 பிட் கணினிகளில் அந்த எண்ணின் ஒரு பைட்டை வேண்டுமென்றே பூஜ்ஜியமாக வைக்கிறார்கள். சி மொழியில் எழுத்துச்சரம் பூஜ்ஜியத்தில் முடிந்துவிடும் என்பதால், சரத்தை நகலெடுக்கும் பிழைகள் வழியாக அந்த எண் கசிவது கடினமாகிறது. இத்தனைக்கும் சோர்ஸில் யாரும் ஒரு வரிகூட மாற்றவில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மெமரியைக் கொடுக்கும்போதே பூஜ்ஜியமாக்கித் தரும் தேர்வு 2019-ல் கெர்னல் 5.3-ல் வந்தது, பழைய ரகசியங்கள் கசிவதை அது நிறுத்துகிறது. அதற்கான விலை பொதுவாக 1 சதவீதத்துக்கும் குறைவு என்று கெர்னலின் உதவிக்குறிப்பே சொல்கிறது. விடுவிக்கும்போது பூஜ்ஜியமாக்குவதற்கு 3 முதல் 5 சதவீதம் ஆகும். முதலாவதை எல்லோரும் போடலாம், இரண்டாவது அவரவர் தேவை. ‘ஹார்டன்டு யூசர்காப்பி’, கெர்னலுக்கும் பயனர் நிரலுக்கும் இடையில் நகலெடுக்கும்போது அளவு எல்லை மீறாமல் பார்க்கும். இன்னொரு தேர்வு, எழுதக்கூடிய மெமரிப் பக்கத்தில் நிரல் ஓடாமலும் நிரல் உள்ள பக்கத்தில் எழுத முடியாமலும் செய்யும்.

கே.ஏ.எஸ்.எல்.ஆர். பற்றிக் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் சொந்தக் கெர்னலின் இன்னொரு லாபம் இங்கேதான் இருக்கிறது. பூட் ஆகும் ஒவ்வொரு முறையும் கெர்னலை மெமரியில் வேறு இடத்தில் ஏற்றும் உத்தி அது. 64 பிட் இன்டெல், ஏ.எம்.டி. கணினிகளில் 1 ஜி.பி. பரப்புக்குள் 2 எம்.பி. இடைவெளிகளில் வைப்பதால் அதிகபட்சம் 512 இடங்கள்தான். ஒரே ஒரு முகவரி வெளியே கசிந்தாலும், டிஸ்ட்ரோ கெர்னலில் மீதி எல்லாவற்றையும் கணக்குப் போட்டுவிடலாம். அதே கெர்னல் பொதியைத் தாக்குபவரும் இறக்கி, எந்த ஃபங்ஷன் எங்கே என்று அட்டவணை போட்டு வைத்திருப்பார். நீங்கள் உங்கள் கான்ஃபிக்கோடு கம்பைல் செய்த கெர்னலுக்கு அந்த அட்டவணை உதவாது. 2017-ல் வந்த ‘ரேண்ட்ஸ்ட்ரக்ட்’ இதையும் தாண்டி, முக்கியமான தரவு அமைப்புகளின் உள்வரிசையையே கலைத்துப்போடும். ஆனால் பூட் அடைவிலுள்ள கெர்னல் கோப்பையும் ஃபங்ஷன்களின் முகவரிகளைப் பட்டியலிடும் சிஸ்டம் மேப் கோப்பையும் ரூட் மட்டும் படிக்கும்படி வையுங்கள். அந்தக் கணினியிலேயே கணக்கு உள்ள ஒருவர் அவற்றைப் படித்துவிட்டால் தனியாகக் கம்பைல் செய்த பயன் போய்விடும்.

மாட்யூல் கையொப்பத்தைக் கட்டாயமாக்குவதையும் நான் விடமாட்டேன். கம்பைல் ஆகும்போதே ஒரு சாவி ஜோடி உருவாகும். பொதுச்சாவி கெர்னலுக்குள் பதியும், தனிச்சாவி சோர்ஸ் அடைவின் ‘செர்ட்ஸ்’ கோப்புறையில் கிடக்கும். மாட்யூல்களை நிறுவியதும் அந்தத் தனிச்சாவியை அழித்துவிடுங்கள். அதன்பின் புதிய மாட்யூலுக்குக் கையொப்பம் போட யாராலும் முடியாது, உங்களாலும்தான். கருவிகள் மாறாத சர்வர் என்றால் மாட்யூல் வசதியையே அணைத்து, வேண்டியதை எல்லாம் கெர்னலுக்குள் கட்டிவிடலாம். என்விடியா டிரைவர், விர்ச்சுவல்பாக்ஸ் போல வெளியிலிருந்து வரும் மாட்யூல்களை நம்பியிருப்பவர்களுக்கு இந்த இரண்டு வழிகளும் சிரமம்.

கம்பைல் செய்வது கணினியின் வேலை. டெபியன் வகை என்றால் ‘மேக் பின்டெப்-பி.கே.ஜி.’ என்று கொடுத்து, எத்தனை கோர் உண்டோ அத்தனை வேலைகளாகப் பிரிக்கச் சொன்னால் நிறுவத் தயாரான டெப் பொதிகளே வந்துவிடும். குறைத்த கான்ஃபிக்கில் புதிய கணினி சீக்கிரம் முடித்துவிடும். பழைய மடிக்கணினிக்கு மணிக்கணக்கில் ஆகலாம். எல்லா கோரும் முழு வேகத்தில் ஓடும் வேலை என்பதால், கத்திரி வெயிலில் ஏ.சி. இல்லாத அறையில் பிராசஸர் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இரவில் ஓடவிடுங்கள். நடுவில் நின்றாலும் மேக் விட்ட இடத்திலிருந்து தொடரும். யூ.பி.எஸ். இல்லாத டெஸ்க்டாப்பில் கரன்ட் போயிருந்தால் மட்டும், பாதி எழுதிய கோப்புகள் இருக்கக்கூடும், சுத்தம் செய்துவிட்டு முதலிலிருந்து ஓட்டுவது நல்லது. அப்புறம், பழைய கெர்னலை நீக்காதீர்கள். புதியது பூட் ஆகாவிட்டால் பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

இவ்வளவும் செய்தாலும் காக்க முடியாதவை உண்டு. ‘டர்ட்டி பைப்’ ஓட்டை 2020-ல் கெர்னல் 5.8-ல் நுழைந்து 2022-ல்தான் சரிசெய்யப்பட்டது. படிக்க மட்டும் அனுமதியுள்ள கோப்பில் எழுத விட்ட தர்க்கப் பிழை அது. மெமரி எதுவும் வழியவில்லை, எந்தக் காவல் எண்ணும் கலையவில்லை. மேலே சொன்ன தேர்வுகளில் எதுவும் அதைத் தடுத்திருக்காது. பேட்ச் மட்டுமே வழி. உங்கள் கெர்னலை நீங்களே கட்டினால் அந்த பேட்ச் டிஸ்ட்ரோவிலிருந்து தானாக வராது. நீண்டகால ஆதரவுள்ள கிளை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதில் புதிய வெளியீடு வரும்போதெல்லாம் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். அதற்கு நேரம் ஒதுக்க முடியாதவர்கள் டிஸ்ட்ரோ கெர்னலிலேயே இருப்பதுதான் சரி. ஆறு மாதமாக அப்டேட் ஆகாத இறுக்கிய கெர்னலைவிட, நேற்று அப்டேட் ஆன சாதாரணக் கெர்னல் மேல்.

இந்தத் தேர்வுகளில் பலவற்றின் வேர் 2000-த்தில் தொடங்கிய பேக்ஸ் திட்டத்திலும் அதையொட்டிய ஜி.ஆர்.செக்யூரிட்டி பேட்சிலும் இருக்கிறது. அந்த பேட்ச் 2017-ல் பொதுவெளிக்கு வருவது நின்றது. கீஸ் குக் 2015-ல் தொடங்கிய கெர்னல் சுயபாதுகாப்புத் திட்டம் அதே போன்ற காவல்களை ஒவ்வொன்றாக அதிகாரபூர்வக் கெர்னலுக்குள் கொண்டுவந்துகொண்டிருக்கிறது. எதைப் போட வேண்டும் என்ற அதன் பரிந்துரைகளோடு உங்கள் கான்ஃபிக்கை ஒப்பிட்டுச் சொல்லும் கருவியும் உண்டு. அலெக்சாண்டர் போபோவ் எழுதிய ‘கெர்னல் ஹார்டனிங் செக்கர்’ அது. கம்பைல் செய்யும் எண்ணம் இல்லாவிட்டாலும், உபுண்டுவிலோ டெபியனிலோ இப்போது ஓடும் கெர்னலின் கான்ஃபிக் பூட் அடைவிலேயே இருக்கிறது. அதைக் கருவியிடம் கொடுத்துப் பாருங்கள். ஃபெயில் என்று வரும் வரிகளில் சிலவற்றை கம்பைல் இல்லாமலே, பூட் வரியிலோ, ஓடும் கெர்னலின் அமைப்புகளை மாற்றும் சிஸ்கன்ட்ரோலிலோ இன்றைக்கே மாற்றிவிடலாம்.