கைக்குப் புனர்வாழ்வா, இயலுமை மீட்பா?

சென்ற மாதம் 'புனர்வாழ்வு' என்ற அந்தச் சொல் மறுபடியும் என் மேசைக்கு வந்தது. பாரிசவாதம் வந்தவர்களிடையே செய்யவிருக்கும் ஓர் ஆய்வுக்கான தகவல் தாள். வைத்தியர்கள், இயன்மருத்துவர்கள், அறிகை உளவியலாளர்கள் என்று மூன்று தரப்பினரும் சேர்ந்து செய்யும் ஆய்வு அது. ஆங்கிலத்தில் நான்கு பக்கம். யாரோ செய்துவைத்திருந்த தமிழைச் சரிபார்த்துத் தரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். முதல் வரி இப்படித் தொடங்கியது: "அறிவாற்றல் புனர்வாழ்வுக்கு உட்படுத்தப்பட நீங்கள் அழைக்கப்படுகிறீர்கள்."

இந்த வரியை வாசித்துவிட்டுக் கையொப்பம் வைக்க வன்னியில் ஒருவரும் துணியமாட்டார்கள்.

அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், சில ஆண்டுகளுக்கு முன் என் சித்தப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து, கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்குக் கொண்டுவந்திருந்தோம். வலக்கையும் காலும் விழுந்துவிட்டன. இரண்டாம் கிழமை, விடுதியில் நின்ற பணியாளர் ஒருவர் சித்தியிடம் வந்து, "நாளைக்கு இவரைப் புனர்வாழ்வுக்கு அனுப்புறம், சாமான்களை எடுத்து வையுங்கோ" என்றார். சித்தியின் முகம் வெளிறிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, இவர் என்ன செய்தவர்? இவரை ஏன் அனுப்பினம்?" என்று கேட்டார். சித்தியின் மகன் 2009இல் சரணடைந்து, ஒரு வருடத்துக்கு மேல் புனர்வாழ்வு முகாமில் இருந்துவிட்டு வந்தவன். சித்திக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. போர் முடிந்தபின் ஏறக்குறைய 12,000 பேரை அந்தச் சொல்லின் கீழ்தான் முகாம்களில் வைத்திருந்தார்கள். அத்தனை குடும்பங்களுக்கும் அந்தப் பொருள்தான்.

பணியாளர் சொன்னது, மாடி இறங்கினால் வரும் பயிற்சிப் பிரிவை. கதவில் மும்மொழியிலும் பலகை இருந்தது. தமிழில் 'புனர்வாழ்வுப் பிரிவு'.

போரோடு தொடர்பில்லாத கொழும்புக்காரரும் அந்தச் சொல்லை வேறொரு நிறத்தில்தான் கேட்கிறார்கள். அவர்களுக்குப் புனர்வாழ்வு என்றால் கந்தக்காட்டு முகாம், போதைப்பொருள், நீதிமன்றக் கட்டளை. 2023இல் நிறைவேறிய புனர்வாழ்வுப் பணியகச் சட்டமும் முக்கியமாகப் போதைக்கு அடிமையானவர்களைப் பற்றியதுதான். ஆக, இந்த நாட்டில் இந்தச் சொல் யார் காதில் விழுந்தாலும், ஏதோ குற்றம் செய்தவரைத் திருத்துவது என்ற எண்ணம்தான் முதலில் வருகிறது. இரத்தக் குழாய் அடைபட்டுக் கை விழுந்த மனிதர் எதற்காகத் திருந்தவேண்டும்?

சரி, சொல்லின் வேரைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் ரிஹெபிலிட்டேஷன். இலத்தீனில் ஹாபிலிஸ் என்றால் தகுதியுடைய, கைக்கு வாகான என்று பொருள். முன்னால் வரும் 'ரி' மீண்டும் என்பதைக் குறிக்கும். ஆங்கிலத்தில் ஒரு காரியத்தைச் செய்ய முடிவதைச் சொல்லும் ஏபிள் என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். முதலில் இது சட்டச் சொல்லாக இருந்தது: பட்டமோ பதவியோ உரிமையோ பறிபோனவருக்கு அதைத் திருப்பிக் கொடுத்தல். உடம்புக்கு இந்தச் சொல் ஊன்றியது முதலாம் உலகப் போரில் காயம்பட்டுத் திரும்பிய படையினரால். இரண்டாம் உலகப் போரில் அது ஒரு தனி மருத்துவத் துறையாகவே வளர்ந்தது. 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் முள்ளந்தண்டு காயப்பட்டோருக்கான பிரிவைத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான்.

வேரில் இருப்பது 'முடிதல்'. வாழ்வு என்பது அங்கே எங்குமே இல்லை. சிங்களத்தில் 'புனருத்தாபன' என்பார்கள். மீள எழுப்புதல் என்று பொருள். அதிலும் வாழ்வு இல்லை. தமிழில் மட்டும்தான், வடமொழிப் 'புனர்' முன்னால் நிற்க, 'வாழ்வு' பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

இதைச் சொன்னதும், கொட்டாஞ்சேனையில் இருக்கும் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், "அதுதானே பிரச்சினை. புனரைத் தூக்கிப்போட்டு 'மறுவாழ்வு' என்று எழுதும். தூய தமிழ். தமிழ்நாட்டில் எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள்" என்றார். அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் மாஸ்டர், இந்த இடத்தில் உங்களோடு உடன்பட முடியவில்லை.

'மறுவாழ்வு' என்று எழுதினால் மாறுவது முதற்பாதி மட்டும். பிழை இருப்பதோ இரண்டாம் பாதியில். தூய்மை பற்றிய கவலையில் நாம் எப்போதும் வடசொல்லையே தேடிப் பிடிக்கிறோம். பொருள் பிழைத்த தமிழ்ச்சொல் கண்முன்னே நின்றாலும் விட்டுவிடுகிறோம். கை வழங்காத மனிதருக்கு வாழ்வு போய்விடவில்லை. அவருக்குப் பெஞ்சாதி பிள்ளை இருக்கிறார்கள், கோபம் வருகிறது, பசி எடுக்கிறது, கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிறார். அவரிடம் போய் "உங்களுக்கு மறுவாழ்வு தருகிறோம்" என்றால், இப்போது இருப்பது வாழ்வு இல்லை என்று சொன்னதாகிறது. உடல் இயலாமையோடு பிறந்து நாற்பது வருடம் முழுதாக வாழ்ந்த ஒருவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

தமிழ்நாட்டு வழக்கையும் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். அங்கே மறுவாழ்வு மையம் என்றால் பெரும்பாலும் குடிநோயாளிகள் போகும் இடம். கைம்பெண் மறுமணம் செய்தாலும் மறுவாழ்வு. 2021இல் தமிழ்நாட்டு அரசு நம்மவர்கள் இருந்த அகதி முகாம்களுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. அகதி என்ற சொல்லின் கனத்தைக் குறைக்க நல்ல எண்ணத்தோடு செய்த மாற்றம் அது. அங்கே அந்தச் சொல் பொருந்தவும் செய்கிறது, ஏனென்றால் அங்கே பேச்சு வாழ்வைப் பற்றியதுதான். வீடு, வருமானம், பள்ளிக்கூடம். ஆனால் மண்டபம் முகாமிலோ கும்மிடிப்பூண்டி முகாமிலோ பல காலம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவரின் தோள்மூட்டுக்கும் அதே சொல்லா?

இன்னொன்று, தமிழாசிரியர்கள் பலர் யோசிக்காதது. கொழும்பில் தமிழ் வாசிப்பவர்களில் பெரும் பகுதியினர் முஸ்லிம்கள். மாளிகாவத்தையிலோ புதுக்கடையிலோ வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவருக்கு 'மறுமை வாழ்வு' என்றால் மரணத்துக்குப் பின் வருவது. மறுமையும் மறுவாழ்வும் வேறு வேறு சொற்கள் என்று இலக்கணம் சொல்லலாம். எழுபது வயதில் கட்டிலில் படுத்திருப்பவரின் காது இலக்கணம் பார்க்காது.

வேறு சிலர் 'புனரமைப்பு' என்கிறார்கள். குளத்தைப் புனரமைக்கலாம், வீதியைப் புனரமைக்கலாம். கோயிலுக்குப் புனருத்தாரணம் செய்யலாம். ஆங்கிலம் குளத்துக்கும் கைதிக்கும் முழங்காலுக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பது அதன் பாடு. அந்த மூன்றுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் மொழி எதற்காகத் தன் வசதியை விட்டுக்கொடுக்க வேண்டும்?

என் சொல் 'இயலுமை மீட்பு'. இதை நான் அகராதியில் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. சித்தப்பாதான் தந்தார். பயிற்சிப் பிரிவில் இயன்மருத்துவர், "கையைத் தூக்கிப் பாருங்கோ" என்றபோது அவர் சொன்னது ஒரே சொல்: "ஏலாது." இயலாது என்பதன் பேச்சுருவம் அது. நம்மூரில் முடியாது என்பதைவிட ஏலாது என்பதே அதிகம் வாயில் வரும். நடக்க ஏலாது, விழுங்க ஏலாது, பெயர் ஞாபகம் வைக்க ஏலாது. அந்த ஏலாததை ஏலச் செய்வதுதான் அந்த மருத்துவத்தின் முழு வேலையும். இயலாமை என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே ஊன்றியிருக்கிறது. அதன் மறுதலை இயலுமை. இலத்தீன் ஹாபிலிஸுக்கு இதைவிட நெருங்கிய தமிழ் எனக்குத் தெரியவில்லை.

உலக சுகாதார அமைப்பின் வரையறையும் இங்கேதான் வந்து நிற்கிறது: ஒருவர் தன் சூழலில் இயங்கக்கூடிய அளவை இயன்றவரை கூட்டுவதும், இயலாமையைக் குறைப்பதும். உலகில் ஏறக்குறைய 240 கோடிப் பேருக்கு இது பயன்படக்கூடிய நிலை இருப்பதாக அந்த அமைப்பு கணக்குச் சொல்கிறது. முதுகுவலிக்காரரும், எலும்பு முறிந்தவரும், காது மந்தமானவரும் அந்தக் கணக்கில் அடக்கம். இத்தனை பேரும் வாழ்வைத் தொலைத்துவிட்டு நிற்பவர்களா?

'மீட்பு' என்றால் பழையபடி முழுதாகத் திரும்பும் என்று பொய் நம்பிக்கை தருமே என்று ஒரு வைத்தியர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் நான் கையை மீட்பதாகச் சொல்லவில்லை, இயலுமையை மீட்பதாகத்தான் சொல்கிறேன். 1947இலேயே ஒலிவர் சாங்வில் என்ற உளவியலாளர், மூளைக் காயம்பட்ட படையினரோடு வேலை செய்தபின், மூன்று வழிகளைப் பிரித்துச் சொன்னார்: குறையை ஈடுகட்டுவது, ஒன்றின் வேலையை இன்னொன்றால் செய்விப்பது, இழந்ததையே நேரடியாகப் பழக்குவது. சித்தப்பாவின் விரல்கள் முழுதாக மடங்கவேயில்லை. கரண்டிக் காம்பில் துணி சுற்றித் தடிப்பாக்கிக் கொடுத்தபின் தானே சோறு சாப்பிட்டார். கை மீளவில்லை, சாப்பிடும் இயலுமை மீண்டது.

நேரடிப் பயிற்சியிலும் ஆய்வாளர்கள் கண்டது அருமையான விஷயம். எட்வர்ட் டோப் என்ற ஆய்வாளர், பாதிப்புக்குப் பின் கையைப் பயன்படுத்திப் பார்த்து ஒவ்வொரு முறையும் தோற்பதால், மூளை அந்தக் கையைப் பயன்படுத்தாமலிருக்கவே கற்றுக்கொள்கிறது என்றார். அதற்கு அவர் கண்ட வழி, நல்ல கைக்கு உறை மாட்டிக் கட்டிவைத்துவிட்டு, விழுந்த கையாலேயே வேலை செய்ய வைப்பது. அமெரிக்காவில் 222 பேரிடம் இரண்டு கிழமை இப்படிச் செய்து பார்த்த சோதனையின் முடிவு 2006இல் வெளியானது. வழமையான பராமரிப்புப் பெற்றவர்களைவிட இவர்களின் கை கூடுதலாகத் தேறியிருந்தது. இந்த ஆய்வைத் தமிழில் 'கட்டுப்படுத்தப்பட்ட புனர்வாழ்வு' என்று ஒருவர் எழுதியதை நானே வாசித்திருக்கிறேன். கட்டுப்பாடும் புனர்வாழ்வும் சேர்ந்து வந்தால் வாசிப்பவர் மனதில் எழுவது முள்ளுக்கம்பி வேலிதான்.

இனி, அந்தத் தகவல் தாளின் 'அறிவாற்றல் புனர்வாழ்வில்' வரும் 'அறிவாற்றல்' என்ற முன்பாதி. இது இன்னும் புண்படுத்துகிறது. கவனம், ஞாபகம், திட்டமிடுதல், சொல் தேடி எடுத்தல் ஆகிய மனச் செயல்களைத்தான் ஆங்கில மூலம் சொல்கிறது. அறிவாற்றல் என்றால் நம் காதுக்குப் புத்திசாலித்தனம். 'அறிவாற்றல் குறைபாடு' என்று படிவத்தில் கண்ட ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனதை ஓர் உளவியலாளர் எனக்குச் சொல்லியிருக்கிறார். 'அறிகை' என்ற நல்ல சொல் இங்கே பல காலமாக இருக்கிறது. ஆசிரியர் பயிற்சியில் பியாஜே என்ற உளவியலாளரைப் படித்த எல்லாரும் அறிகை விருத்தி என்றுதான் படித்தார்கள். அது ஒரு செயலின் பெயர். யாரையும் மட்டம் தட்டுவதில்லை. ஆகவே 'அறிகை இயலுமை மீட்பு'.

இதே குடும்பத்தில் 'தொழில்வழிச் சிகிச்சை' என்று ஒன்று இருக்கிறது. அங்கே தொழில் என்பது குளிப்பது, பொத்தான் போடுவது, தேநீர் ஊற்றுவது போன்ற அன்றாட அலுவல். சித்தப்பாவோ, "எனக்கு இந்த வயதில் என்ன தொழில்?" என்று போக மறுத்து மூன்று நாளை வீணாக்கினார். பாரிசவாதத்தில் முதல் கிழமைகள் எவ்வளவு பெறுமதியானவை என்பது அந்தப் பிரிவுகளில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும். அன்றாடச் செயல் சிகிச்சை என்று எழுதியிருந்தால் அந்த மூன்று நாளும் வீணாகியிருக்காது.

மொழிபெயர்ப்பாளர்களை மட்டும் குறை சொல்வது சரியில்லை என்று எனக்கும் தெரியும். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி, நாளைக்கே வேண்டும் என்ற அவசரம், பழைய கோப்பில் என்ன இருக்கிறதோ அதையே போடு என்ற கட்டளை. ஆனாலும் ஒன்றைக் கேட்கத்தான் வேண்டும்: இந்தத் தாளைக் கையில் வாங்கப்போகிறவரை ஒரு நிமிடமாவது நினைத்தீர்களா? 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். அதற்காக நூல்களை மொழிபெயர்த்தார். அவர் ஆக்கிய சொற்களில் பல நிலைக்கவில்லை. இருந்தாலும் எதிரே தமிழ் மாணவர்களை இருத்தி வைத்துக்கொண்டுதான் அவர் சொல் தேடினார். இன்று நம் மேசைக்கு எதிரே யாரும் இல்லை, திரை மட்டும்தான்.

'மீட்பு' என்று முடிவதில் எனக்கே ஒரு குறை தெரிகிறது. பெருமூளை வாதத்தோடு பிறக்கும் குழந்தைக்கு மீட்க ஒன்றும் இல்லை, புதிதாகவே பழக்கவேண்டும். இயலாமையுடையோரின் உரிமைகள் பற்றி இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சமவாயத்தின் 26ஆம் உறுப்புரை இந்த இரண்டையும் தனித்தனிச் சொல்லால் சொல்கிறது. வாழ்வை வைத்துக்கொண்டிருந்தால் அந்தக் குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது, முதல் வாழ்வா? இயலுமையை வைத்தால் சிக்கலில்லை: குழந்தைக்கு இயலுமை வளர்ப்பு, சித்தப்பாவுக்கு இயலுமை மீட்பு.

அந்தத் தகவல் தாளின் முதல் வரியை இப்படி மாற்றி அனுப்பினேன்: "பாரிசவாதத்தின் பின் ஞாபகத்தையும் கவனத்தையும் கைப்பயன்பாட்டையும் மீட்க உதவும் பயிற்சி பற்றிய ஆய்வு இது. இதில் சேரும்படி உங்களைக் கேட்கிறோம்." கீழே 'அறிகை இயலுமை மீட்பு' என்ற பெயரைப் போட்டேன். அடைப்புக்குள்ளாவது புனர்வாழ்வு என்று போடச் சொல்லிப் பதில் வந்திருக்கிறது. போடமுடியாது என்று எழுதி, சித்தி கேட்ட கேள்வியை அப்படியே கீழே சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.