மந்திரத்துக்கு முதலில் விலையை எழுதுங்கள்

மட்டக்களப்பில் இளைஞர் குழுக்களோடு வேலை செய்யும் உளவளத்துணையாளன் நான். மனம்விட்டுக் கதைக்கத் தயங்கும் பிள்ளைகளோடு டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டு நன்றாகக் கைகொடுக்கிறது. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக முடிவெடுப்பார்கள், சந்தேகமான இடத்தில் டைஸ் உருளும். இப்போது ஆசிரியர்களும் கழகத்துப் பிள்ளைகளும் தாங்களே விதி எழுதிக்கொண்டு வந்து காட்டுகிறார்கள். எல்லாரும் தொடங்குவது மந்திரத்தில்தான். நெருப்பு, பறத்தல், மறைதல் என்று பட்டியல் நீளும். அதற்கு என்ன கொடுக்க வேண்டும் என்ற இடம் மட்டும் வெறுமையாகக் கிடக்கும்.

என்னைக் கேட்டால் அந்த வெறுமையைத்தான் முதலில் நிரப்ப வேண்டும். 1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் விளையாட்டையே எடுங்கள். அதன் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில், ஐந்தாம் நிலை மந்திரவாதியிடம் ஃபயர்போல் என்ற நெருப்புப் பந்து மந்திரத்தைப் போடும் அளவுள்ள ஸ்பெல் ஸ்லொட், அதாவது மந்திரம் போடும் வாய்ப்பு, இரண்டுதான் இருக்கும். எட்டு டைஸ் உருட்டலாம், சராசரியாக 28 புள்ளி சேதம். இப்போதே போடுவதா, பொறுப்பதா என்று ஐந்து தலைகள் கூடி யோசிக்கும் அந்த நேரம்தான் எனக்கு வேண்டியது.

ஒரு குழுவோடு, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே வயல்கள் நிறைந்த படுவான்கரையைப் போன்ற ஒரு நிலத்தைக் கற்பனை செய்தோம். அங்கே மழையை அழைக்கலாம். ஆனால் இங்கே பெய்வது இன்னொரு வட்டையில், அதாவது வேறொரு வயல்வெளியில், குறையும். இரண்டு டைஸ் உருட்டி 10 அல்லது அதற்கு மேல் வந்தால் எங்கே குறையும் என்பதை அழைத்தவர் தீர்மானிப்பார். 7 முதல் 9 வரை என்றால் மேசையில் உள்ள மற்றவர்கள். 6 அல்லது அதற்குக் கீழே என்றால் மழையும் இல்லை, பக்கத்து வட்டையும் காயும். 36இல் 6 தடவைதான் 10ஐத் தொடும். வட்டை விதானையாக, அதாவது வயல் வேலைகளை மேற்பார்க்கும் தலைவராக, ஆடிய பையன் டைஸைக் கையில் வைத்துக்கொண்டு, யாருடைய வயலுக்கு நட்டம் வரும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே இருந்தான். வழமையில் வாயே திறக்காத பிள்ளை அவன்.

எந்த விலையும் சரி என்று விட முடியாது. 1981இல் வந்த கோல் ஒஃப் கதுலு விளையாட்டில் மந்திரம் செய்தால் மனத்தெளிவுப் புள்ளிகள் குறையும். பெரியவர்களின் திகில் கதைக்கு அது பொருந்தும். நம் பிள்ளைகளிடம் அதைக் கொண்டுபோக வேண்டாம் என்பேன். மனநோயைச் செய்வினை என்று எண்ணி, ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடும் குடும்பங்களை நான் தொடர்ந்து சந்திக்கிறேன். மந்திரம் தொட்டால் புத்தி பேதலிக்கும் என்ற எண்ணத்துக்கு நம் விதித்தாளும் துணைபோகக் கூடாது. களைப்பு, கொடுத்த வாக்கு, இழந்த நேரம், கடன்பட்ட உறவு என்று விலைக்கு எத்தனையோ வழி இருக்கிறது.

அடுத்தது இறந்தவர்களை எழுப்பும் மந்திரம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் 500 பொன் பெறுமதியான வைரம் இருந்தால், இறந்து 10 நாள் தாண்டாதவரை எழுப்பலாம். அதை வாசித்த ஒரு தங்கச்சி, “பத்து நாள் தாண்டினா ஏலாதா சேர்?” என்று கேட்டாள். விளையாட்டைப் பற்றிய கேள்விதானே என்று கடந்துபோக என்னால் முடியவில்லை. இந்தப் பிள்ளைகள் பிறக்கும் முன்பே 2004 சுனாமியில் போன அக்காவின் படம் பல வீடுகளில் மாலையோடு தொங்குகிறது. காணாமல் ஆக்கப்பட்ட மாமாவுக்காக இன்னும் காத்திருக்கும் வீடுகளும் உண்டு. எங்கள் விதியில் மந்திரத்தால் யாரும் திரும்பி வருவதில்லை. இதைத் தாளின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். பாதிக் கதையில் சொன்னால் அது பிள்ளைக்கு இன்னொரு இழப்பு.

வசியத்துக்கும் முதலிலேயே எல்லை எழுதிவிடுங்கள். கதை நடத்துபவரின் பாத்திரங்கள் மீது வரலாம். கூட ஆடும் பிள்ளையின் பாத்திரத்தை வசியம் செய்ய வேண்டுமென்றால், அந்தப் பிள்ளை சரி என்று சொல்ல வேண்டும். இதற்கு டைஸ் வேண்டாம்.

நம்பிக்கையோடு செய்யும் சடங்குகளையும் ஸ்பெல் பட்டியலில் சேர்க்காதீர்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்தி, பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் தீ மிதிப்பு எல்லாம் கேட்பதற்கு ஆட்டத்துக்கு ஏற்றவை போலத் தோன்றும். உங்கள் மேசையில் இருக்கும் ஒரு பிள்ளையின் அம்மா, அவனுக்குக் காய்ச்சல் மாற வேண்டுமென்று நேர்ந்து அந்தத் தீயில் இறங்கியவராக இருக்கலாம். அதற்கு இத்தனை புள்ளி என்று எழுத நமக்கு உரிமை இல்லை.

காத்தான்குடியிலிருந்து வரும் ஒரு பிள்ளை, “சூனியம் மாதிரி ஒண்டும் வேணாம் சேர், வாப்பா விரும்பமாட்டார்” என்று சொன்னால் வாதாடாதீர்கள். தேவாலயத்துக்குப் போகும் பிள்ளைகளும் இதையே சொல்வதுண்டு. மந்திரத்துக்கு ஈடான வேறு வலிமைகள் விதியிலேயே இருக்கட்டும்: வைத்தியம், காற்றுப் பார்த்துத் தோணி விடுதல், பழைய ஓலை வாசித்தல். அவற்றுக்கும் அதே டைஸ், அதே அளவு விலை. பாத்திரம் உருவாக்கும் முன்பே எல்லாரிடமும் இதைக் கேட்டுவிடுங்கள். பெற்றோர் விசாரிக்க வந்தால் விதித்தாளைக் கையில் கொடுத்து, ஒரு ஆட்டத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்கச் சொல்லுங்கள்.