லெக்சியோ திவினா: தமிழில் "இறைமொழி ஓதல்"

தவக்காலத் தியானங்களிலும் இளையோர் கூடுகைகளிலும் குருக்கள் "லெக்சியோ திவினா" என்று சொல்லும்போது, கேட்டிருப்பவர்களுக்கு அது துறவு மடங்களுக்கு உரிய பயிற்சி, நமக்கில்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பெயர் இலத்தீனாக இருப்பதால் வருகிற விலகல் அது. வேதத்தில் ஒரு சிறு பகுதியை எடுத்து, மெதுவாக, வாய்விட்டு, திரும்பத் திரும்பச் சொல்லி, மனம் பிடிபடுகிற இடத்தில் நின்று, அங்கிருந்தே செபித்து, அதன்படி நடக்க எழுவதற்குத்தான் இந்தப் பெயர். கடற்கரையில் வலை பொத்துகிறவரும் செய்யலாம்.

"லெக்சியோ" என்பது "லெகெரே" என்ற வினையடியில் பிறந்தது. பொறுக்கிச் சேர்த்தல் என்பது அந்த வினையின் பழம்பொருள். படித்தல் என்பது அதிலிருந்து வந்தது. "திவினா" என்றால் இறைவனுக்குரியது. இலத்தீனுக்கு முன்பே கிரேக்கத்தில் இந்தச் சொல் உண்டு. 3ஆம் நூற்றாண்டில் திருச்சபையின் வேத அறிஞர் ஒரிஜன் தம் மாணவர் கிரகோரிக்கு எழுதிய கடிதத்தில் இதே பொருளில் "தேயா அனாக்னோசிஸ்" என்கிறார். தேடுவதும் தட்டுவதும் மட்டும் போதாது, விளங்கிக்கொள்ள வேண்டுமானால் செபம் கட்டாயம் வேண்டும் என்றும் அங்கேயே சொல்கிறார். 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ற் தம் சபை ஒழுங்கின் 48ஆம் அதிகாரத்தில், கைவேலைக்கு நேரம் வகுத்த அதே இடத்தில் இதற்கும் நேரம் வகுத்தார். 12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவி இரண்டாம் கிகோ இதை நான்கு படிகளாக்கினார்: வாசிப்பு, தியானம், செபம், ஆழ்நிலைத் தரிசனம். வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது, தியானம் மெல்லுகிறது, செபம் சுவையைப் பெறுகிறது, தரிசனம் அந்த இனிமையே ஆகிறது என்பது அவர் தந்த விளக்கம்.

இவற்றுக்கெல்லாம் வேர் எபிரேயத்தில் இருக்கிறது. திருப்பாடல்களின் முதற்பாட்டில், இரவும் பகலும் ஆண்டவரின் வேதத்தில் "தியானமாயிருக்கிற" மனிதனைப் பற்றி வருகிறதல்லவா, அங்கே மூலத்தில் உள்ள வினை "ஹாகா". கண்ணை மூடி மௌனமாக இருப்பதை அது குறிக்கவில்லை. இரையின் மேல் நின்று உறுமும் சிங்கத்துக்கு ஏசாயா 31ஆம் அதிகாரம் அதே வினையைப் பயன்படுத்துகிறது. நோயில் கிடந்த எசேக்கியா அரசன் "புறாவைப்போல் புலம்பினேன்" என்கிற இடத்திலும் அதே வினைதான். தொண்டைக்குள் ஓசை எழும்ப, உதடு அசைய, முணுமுணுப்பாய்ச் சொல்வது அதன் பொருள். யோசுவாவுக்குக் கிடைத்த கட்டளையும் இதையே காட்டுகிறது: அந்தப் புத்தகம் அவன் வாயைவிட்டுப் பிரியக்கூடாது. கண்ணைவிட்டு என்று அங்கே சொல்லப்படவில்லை.

தமிழில் இதற்கு வழங்கும் பெயர்கள் பல. "தெய்வீக வாசிப்பு" இலத்தீனைச் சொல்லுக்குச் சொல் நகர்த்தியது. கேட்பவருக்கு எதுவும் விளங்காது. "இறைவார்த்தைத் தியானம்" நல்ல பெயர்தான், ஆனால் தியானம் என்றதும் நம்மவர்கள் பிரசங்கம் கேட்கப் போகும் மூன்று நாள் நிகழ்ச்சியை நினைக்கிறார்கள். "செப வாசிப்பு" இன்னும் நெருங்கி வருகிறது. என் மனதுக்குப் பொருந்துவது "இறைமொழி ஓதல்". காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஓது என்பது தமிழின் சொந்த வினை. "ஓதல் பகையே தூதிவை பிரிவே" என்று தலைவன் பிரிந்து போகும் காரணங்களைச் சொல்லும் தொல்காப்பியம் கல்வியை ஓதல் என்றே குறிக்கிறது. ஏடு அரிதாயிருந்த காலத்தில் கற்பது என்றால் ஆசிரியர் சொல்லக் கேட்டு, வாய்விட்டுச் சொல்லி, நெஞ்சில் இருத்துவது. குரலும் மீளச் சொல்லுதலும் மனனமும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. "ஹாகா"வுக்கு இதைவிடக் கிட்டிய தமிழ்ச்சொல் எனக்குத் தெரியவில்லை.

திருகோணமலையில் இந்தச் சொல்லுக்கு அகராதி தேவையில்லை. கோணேசர் கோயிலில், "கோணமாமலை அமர்ந்தாரே" என்று முடியும் சம்பந்தர் பதிகத்தை ஓதுகிறார்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் பிள்ளைகள் குர்ஆன் "ஓதப் போகிறார்கள்". கிறிஸ்தவர்களாகிய நாங்கள் மட்டும் "வாசிக்கிறோம்". அது போதாது என்று நினைக்கிறேன். இந்தச் சொல்லை எடுத்தால் மற்றச் சமயத்தாரிடம் இரவல் வாங்கியதாகும் என்று தயங்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் தாய்மொழி கொடுத்த சொல் அது. நம் பேச்சிலும் இதன் சாயல் இருக்கிறது. "பாட்டுப் படி", "தேவாரம் படி" என்றால் இங்கே பாடச் சொல்கிறோம் என்றுதான் அர்த்தம். படிப்பதும் குரலெடுப்பதும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டில் இலங்கையில் பணிசெய்த கோவாக் குரு யாக்கோமே கொன்சால்வெஸ் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தை ராகத்தோடு படிக்கும் பழக்கம் நம்மிடையே இருந்துவந்தது. கிறிஸ்துவின் பாடுகளின் வரலாற்றை அப்படிக் கேட்டு அழுத தலைமுறைக்கு, வேதம் காதால் உள்ளே போவது என்று யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

இன்னொன்று: கிறிஸ்தவர்களுக்கு இங்கே ஊர் வைத்த பெயர் வேதக்காரர். கோயிலுக்குப் பெயர் வேதக்கோயில். மாதாவையோ சிலுவையையோ வைத்து ஊர் எங்களை அடையாளப்படுத்தவில்லை. வேதத்தை வைத்தே அடையாளப்படுத்தியது. அந்தப் பெயருக்கு நாங்கள் கொடுக்க வேண்டிய மரியாதை, வேதம் வாயில் இருப்பது.

ஆன்மிகப் புதுப்பித்தல் என்று பேசுகிறபோது பலரும் பெரிய கூட்டம், ஒலிபெருக்கி, பாட்டு, அழுகை என்று நினைக்கிறார்கள். அவற்றை நான் பழிக்கவில்லை. ஆனால் வரலாற்றில் புதுப்பித்தல் எங்கே தொடங்கியது என்று பார்த்தால், வேதம் சத்தமாக ஒலித்த இடங்களே முன்னே வருகின்றன. ஆலயத்தில் கண்டெடுத்த சட்டநூலை எழுத்தரான சாப்பான் படித்துக் காட்டியபோது யோசியா அரசன் தன் உடையைக் கிழித்தான். நெகேமியா 8ஆம் அதிகாரத்தில் எஸ்ரா தண்ணீர் வாசலுக்கு முன்னால் விடியற்காலை முதல் நண்பகல் வரை வாசிக்க, மக்கள் கேட்டு அழுதார்கள். எகிப்தின் அந்தோனியார் கோயிலுக்குள் நுழைந்த வேளையில் "உனக்கு உண்டானவைகளை விற்று, தரித்திரருக்குக் கொடு" என்ற நற்செய்தி வாசகம் காதில் விழ, அதன்படியே செய்தார். 386இல் மிலானில், அகுஸ்தீனார் ஒரு குழந்தைக் குரல் "எடு, படி" என்று திரும்பத் திரும்பப் பாடுவதைக் கேட்டபின்தான் பவுலின் நிருபத்தைத் திறந்தார். 1738 மே 24 அன்று இலண்டனில் ஒருவர் உரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை வாசிக்கக் கேட்டிருந்த ஜோன் வெஸ்லியின் உள்ளம் அனல்கொண்டது. அவர் வழிவந்த மெதடிஸ்த சபை இந்த ஊரில் இன்றும் இருக்கிறது.

கத்தோலிக்கருக்கு இந்தக் கதவை அகலத் திறந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கம். 1965 நவம்பர் 18 அன்று வெளிவந்த இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத்திரட்டு, "வேதத்தை அறியாமை கிறிஸ்துவை அறியாமை" என்ற ஜெரோமின் சொல்லை எடுத்துக்காட்டி, வாசிப்போடு செபமும் சேர வேண்டும் என்று எல்லா விசுவாசிகளுக்கும் சொன்னது. 2010இல் 16ஆம் பெனடிக்ற் திருத்தந்தை, நான்கு படிகளைச் சொன்னபின், அது செயலில் வந்து சேரும்வரை முடிந்ததாகாது என்று எழுதினார்.

இந்தக் கடைசிப் படிதான் முக்கியம். வள்ளுவர் 834ஆம் குறளில் "ஓதி உணர்ந்தும் பிறர்க்குரைத்தும் தானடங்காப் பேதையின் பேதையார் இல்" என்கிறார். ஓதுதல், உணர்தல், உரைத்தல், அடங்குதல் என்று நான்கு வினைகள். முதல் மூன்றும் இருந்து நான்காவது இல்லாவிட்டால் அறியாமையே மிஞ்சும் என்கிறார். சாத்தான் வேதம் ஓதியது என்ற பழமொழிக்குப் பின்னால் உள்ளதும் மத்தேயு 4ஆம் அதிகாரம்தான். சோதிக்கிறவன் 91ஆம் திருப்பாடலின் வரிகளை எடுத்துச் சொல்கிறான். மனனம் மட்டும் ஒருவரைப் புதிதாக்காது. "உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்" என்று பவுல் உரோமருக்கு எழுதியது மாற்றத்தைக் கேட்கிறது.

எப்படிச் செய்வது? மாற்கு 4ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை எடுங்கள். படகு, புயல், தலையணையில் உறங்கும் இயேசு. குரலெடுத்து ஓதுங்கள். "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்ற இடத்தில், 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கண்ட இந்தக் கரையில் உள்ள ஒருவரால் எளிதில் தாண்டிப் போக முடியாது. தாண்ட வேண்டாம். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே இருங்கள். அது சீடர்களின் கேள்வியாயிருந்து உங்கள் கேள்வியாகிறது. அப்போது நீங்கள் செபிக்கத் தொடங்கிவிட்டீர்கள். பதிலைத் தேடி உடனே விளக்கவுரைக்கு ஓட வேண்டாம். அடுத்த நாளும் அதே பகுதிக்கு வாருங்கள். "ஏன் இப்படிப் பயப்பட்டீர்கள்?" என்று அவர் கேட்பது பிறகுதான் காதில் விழும். அதன்பின், கடலால் ஆளை இழந்த பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவது ஓதலின் ஐந்தாவது படியாக இருக்கலாம்.

ஒரு எச்சரிப்பும் உண்டு. புத்தாண்டில் கையில் எடுக்கும், ஒரு வசனம் மட்டும் உள்ள வாக்குத்தத்த அட்டை இதற்கு ஈடாகாது. ஆறுதலான வசனம் மட்டும் தேடிப் பொறுக்குகிறவர், தன்னைக் கண்டிக்கும் வசனத்தைச் சந்திக்கவே மாட்டார். ஒரு நற்செய்தியைத் தொடக்கத்திலிருந்து வரிசையாக, சிறிது சிறிதாக ஓதுவதே பழைய முறை. பெனடிக்ற்றின் துறவிகளும் தவக்காலத்தில் ஆளுக்கொரு நூலை முதலிலிருந்து முழுவதும் படிக்க வேண்டியிருந்தது.

வழக்கில் ஒரு வேறுபாட்டைக் காப்பது நல்லது. பூசையில் வரும் "முதல் வாசகம்", "இரண்டாம் வாசகம்" அப்படியே இருக்கட்டும். அங்கே "வாசகம்" நிலைபெற்ற சொல். தனியாகவோ வீட்டிலோ செய்யும் பயிற்சிக்கு "இறைமொழி ஓதல்" என்று எழுதலாம். வேதாகமம் என்ற சொல்லோடு வளர்ந்த மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபையார் "வேதம் ஓதல்" என்றாலும் பொருள் ஒன்றே. ஒருவர் ஓத மற்றவர்கள் கேட்டிருக்கும் கூட்டத்துக்கும் இந்தப் பெயர் செல்லும், ஏனென்றால் எஸ்ராவின் முன்னால் நின்ற மக்களும் கேட்டவர்கள்தான்.